பள்ளி மேடையும் மாணாக்கர் குரலும்

சிதம்பரத்துக்குக் கிழக்கே, பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடுகளை அடுத்துக் கிடக்கும் கிள்ளை போன்ற கடலோர ஊர்களில், உயர்நிலைப் பள்ளியின் ஆண்டு விழா என்பது மாணாக்கரோடு முடிந்துபோகும் நிகழ்ச்சியன்று. மீனவர் குப்பங்களிலிருந்தும், தைக்கால் தெருக்களிலிருந்தும், கழிமுகத்து நீரில் இறங்கிக் கையால் தடவி இறாலும் நண்டும் பிடித்துப் பிழைக்கும் இருளர் குடியிருப்புகளிலிருந்தும், மற்ற நாட்களில் பள்ளி வாயிலை மிதிக்க நேரமில்லாத பெற்றோர்கள் அன்று மாலை பந்தலில் வந்து அமர்கிறார்கள். தலைமையாசிரியர் ஆண்டறிக்கை வாசிப்பதையும், சிறப்பு விருந்தினர் பரிசளிப்பதையும் பொறுமையோடு கேட்டிருந்து, தம் குழந்தை மேடையில் தோன்றும் சில நிமிஷங்களுக்காகவே அவர்கள் காத்திருக்கிறார்கள். அந்தச் சில நிமிஷங்களில் அக்குழந்தை என்ன செய்கிறது, அதற்கான ஒத்திகையில் அது என்ன கற்றது என்பதைக் கொண்டே இவ்விழாக்களை மதிப்பிட வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

ஒரு காலத்தில் நாடகமும் பள்ளிக்கூடமும் ஒன்றையொன்று விலக்கி நின்றன. கற்றவர்கள் மேடையேறுவது இழிவென்று கருதப்பட்ட அந்நாளில், பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் சென்னையில் படித்தவர்களே நடிக்கும் சுகுண விலாச சபையை நிறுவினார். சூரியநாராயண சாஸ்திரியார் 1897-இல் நாடகவியல் என்னும் இலக்கண நூலை வெளியிட்டார். மறுபுறத்தில், நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தோற்றுவித்த தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை முதலான, சிறுவர்களைக் கொண்டு நாடகம் நடத்திய பாலர் கம்பெனிகளில், ஏழை வீட்டுப் பிள்ளைகள் பள்ளிப் படிப்பை இழந்து, ஆனால் பாட்டையும் வசனத்தையும் இடைவிடாது மனனம் செய்த பழக்கத்தால், பள்ளியில் படித்தவரும் வியக்கும்படி தமிழைத் தெளிவாக உச்சரிக்கக் கற்றார்கள். கம்பெனி வாழ்வில் அடியும் பசியும் கலந்திருந்தன என்பதை மறுப்பதற்கில்லை. அந்த அடியும் பசியும் இல்லாமல் அந்தப் பயிற்சியை மட்டும் எல்லாப் பிள்ளைகளுக்கும் தரவல்ல இடமாகவே பள்ளி மேடை பிற்காலத்தில் வாய்த்தது.

அவ்வாய்ப்பு முழுவதும் பயன்பட்டதா? 1959-இல் வீரபாண்டிய கட்டபொம்மன் திரைப்படம் வெளிவந்த பின்னர், கட்டபொம்மனும் ஜாக்சன் துரையும் வாதிடும் சம்பாஷணை தமிழ்நாட்டுப் பள்ளி விழாக்களில் நிரந்தர இடம் பெற்றது. அந்த நீண்ட வசனத்தை ஒரு மாணவன் மூச்சடக்கிச் சொல்லப் பழகும்போது, லகர ளகர ழகர பேதம் அவன் நாவில் படிகிறது. சபைக் கூச்சம் விலகுகிறது. இவை சிறிய லாபங்கள் அல்ல. ஆனால் அவன் கட்டபொம்மனை நடிக்கவில்லை, அப்படத்தில் அவ்வேடம் ஏற்ற சிவாஜி கணேசனையே நடிக்கிறான். அவனைச் சுற்றி வேல் பிடித்து நிற்கும் காவலர் பத்துப் பேருக்கும் ஒரு சொல்கூட இல்லை.

பாத்திரத்தைத் தானே சிந்தித்து நடிக்கும் நாடகத்துக்கு இப்பகுதியில் ஓர் அரிய விஷயம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அது, சிதம்பரத்தைத் தரிசிக்க ஏங்கிய ஒடுக்கப்பட்ட குலத்துச் சிவனடியார் நந்தனாரின் கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையை இயற்றியபோது, சேக்கிழாரின் பெரிய புராணத்தில் இல்லாத வேதியர் என்னும் பண்ணையார் பாத்திரத்தைச் சேர்த்து, சிதம்பரம் போக உத்தரவு கேட்கும் அடிமையையும் மறுக்கும் எஜமானனையும் எதிரெதிரே நிறுத்தினார். புராணத்துக்கும் கீர்த்தனைக்கும் இடையே கதை ஏன் மாறிற்று என்றும், தீயில் புகுந்துதான் நந்தனார் கோயிலுக்குள் செல்ல வேண்டுமென்ற நிபந்தனை நியாயமா என்றும் ஒத்திகையிலேயே மாணவர்கள் கேட்கத் தொடங்குவார்களானால், சரித்திரப் பாடமும் இலக்கியப் பாடமும் அங்கே ஒருசேர நடைபெறும். சுவாமி சகஜானந்தர் 1916-இல் அதே நந்தனார் பெயரால் சிதம்பரத்தில் ஒரு பள்ளியைத் தொடங்கி ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குக் கல்வி அளித்த வரலாறு அந்நாடகத்தின் கடைசி அங்கமாகவே அமையத் தகுந்தது.

நடனத்தைப் பற்றி இவ்வளவு மகிழ்ச்சியோடு எழுத இயலவில்லை. 108 நடனக் கரணங்களைக் கோபுர வாயில்களில் செதுக்கி வைத்திருக்கும் தலம் சிதம்பரம். அங்கே 1981 முதல் மகா சிவராத்திரியை ஒட்டி நாட்டியாஞ்சலி என்னும் செவ்வியல் நடன விழா நடைபெற்று வருகிறது. பல்லாண்டுப் பயிற்சியின் பயனாகிய அக்கலைக்கும், கைபேசியைப் பார்த்து இரண்டு வாரத்தில் பழகிச் சினிமாப் பாட்டுக்கு ஆடும் பள்ளி நடனத்துக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. காதல் பாட்டுக்கு வயதுக்கு ஒவ்வாத அபிநயம் பிடிப்பது பலரும் சொல்லும் குறை. அதனினும் பெரிய குறை, ஒலிபெருக்கியில் வேறொருவர் பாட, குழந்தை வாயை வெறுமனே அசைத்துவிட்டு இறங்குவதே. வாடகை உடைக்குப் பணம் தர இயலாத வீட்டுப் பெண் குழந்தை தானாகவே ஒதுங்கிக்கொள்வதையும் ஆசிரியர்கள் அறிவார்கள். ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: வசனம் மனனமாகாத பிள்ளைகளும் முப்பது பேராகச் சேர்ந்து மேடையேற நடனமே இடம் தருகிறது. கும்மியும் கோலாட்டமும் அந்த இடத்தை நிரப்பலாம். அவற்றில் ஆடுகிறவர்களே பாடவும் வேண்டும்.

அரசுப் பள்ளிகளில் 2022-23 கல்வியாண்டில் தொடங்கிய கலைத் திருவிழா, இசைக்கருவிப் பயிற்சி செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கே உரியது என்ற நிலையைத் தகர்த்து, நாட்டுப்புறக் கலைக்கும் நாடகத்துக்கும் இடம் தந்த நல்ல முயற்சி. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக ஏறும் போட்டி அது. ஆனால் அதில் ஏறக்கூடியவனையே ஆசிரியர் தேடுவார், திக்கிப் பேசும் சிறுவனுக்கு அங்கே இடமிராது. அவனுக்கு உரிய இடம் போட்டியில்லாத பள்ளி ஆண்டு விழா மேடையே. ஆதலால் ஆண்டு விழாவும் போட்டியின் சாயலைப் பெற்றுவிடலாகாது.

விழாவுக்காகப் பாட நாட்கள் வீணாகின்றன என்போர் உண்டு. பொதுத்தேர்வை நெருங்கிய பத்தாம் வகுப்பாருக்கு அது பொருந்தும். ஒன்பதாம் வகுப்புக்குப் பொருந்தாது.

ஒன்பதாம் வகுப்பார் நாடகமாக்கத் தக்க விஷயங்கள் கிள்ளையிலேயே உண்டு. மாசி மகத்தன்று ஸ்ரீமுஷ்ணத்துப் பூவராகப் பெருமாள் தீர்த்தவாரிக்காகக் கிள்ளைக்கு எழுந்தருளும்போது இவ்வூர் முஸ்லிம்கள் மரியாதை செய்து வரவேற்கும் வழக்கம் ஒன்று. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் இக்கரையின் குப்பங்களை ஆழிப்பேரலை அழித்து, இன்னும் பெரியோர் நினைவில் இருக்கும் துயரம் மற்றொன்று. கிள்ளை வட்டாரத் தலைமையாசிரியர்களும் பெற்றோர்களும் இவ்வாண்டு விழாவில் இரண்டு சினிமா நடனங்களைக் குறைத்து, இவற்றுள் ஒன்றை ஒன்பதாம் வகுப்பு மாணவர்களே வீடு வீடாகச் சென்று கேட்டு நாடகமாக எழுதி, வகுப்பில் ஒருவர் விடாமல் அனைவருக்கும் ஒரு வரியேனும் கொடுத்து, அன்றாட உடையிலேயே நடிக்கச் செய்ய வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.