பேரிளம்பெண்ணுக்கு அப்பால்: பெண்ணியத் திறனாய்வும் உண்ணாமலை ஆச்சியும்

பாட்டியல் நூல்கள் பெண்ணின் பருவங்களைப் பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக ஏழாக வகுக்கின்றன. இறுதிப் பருவம் 40 வயதோடு முடிகிறது. உலாவரும் தலைவனைக் கண்டு காதல் கொள்வோருக்கான வகைப்பாடு இது. ஆதலின் அதற்குமேல் வயதுடையாள் அங்கு இடம்பெறவில்லை. பெண்ணைக் காதலோடு மட்டும் பொருத்திக் காணும் இப்பார்வையைப் பெண்ணியத் திறனாய்வு மறுத்தது. எனினும் அது பெரிதும் எடுத்துக்கொண்ட காதல், மணம், மகப்பேறு, உடலுரிமை ஆகிய பொருள்களும் ஏறத்தாழ அவ்வெல்லைக்குள்ளேயே அடங்குதல் நோக்கத்தக்கது.

இக்குறை தமிழுக்கு மட்டும் உரியதன்று. சிமோன் தெ பொவ்வார் 1949இல் எழுதிய 'இரண்டாம் பாலினம்' பெற்ற கவனத்தை, முதுமை குறித்து அவரே 1970இல் எழுதிய நூல் பெறவில்லை. பெண்ணிய இயக்கமே மூத்த பெண்களை ஒதுக்குகிறது என்பதை பார்பரா மக்டொனால்ட், சிந்தியா ரிச்சுடன் இணைந்து 1983இல் வெளியிட்ட நூலில் சுட்டிக்காட்டினார்.

ஆரியசாலை, சாலைக் கடைத்தெரு முதலிய பகுதிகளில் தமிழ் வழங்கும் திருவனந்தபுரம், புனைகதைக்கு ஆ. மாதவனையும் நீல பத்மநாபனையும் அளித்தது. பின்னவரின் 'தலைமுறைகள்' (1968) இரணியலைக் களமாகக் கொண்டது. கணவனால் பழிசுமத்தி விலக்கப்படும் நாகுவின் துயரமே பெண்ணிய வாசிப்பை முதலில் ஈர்க்கக்கூடியது. உண்ணாமலை ஆச்சியோ மரபுக் கதைகளின் கருவூலமாகவோ பழமையின் குரலாகவோ கொள்ளப்படுவாள். இவ்விரண்டும் ஆச்சி பிறர்க்கு ஆற்றும் பணியையே குறிக்கின்றன. அவளை ஒரு பெண்ணாகக் காண்பன அல்ல. குலவழக்கத்தின் தோற்றத்தை அவளால் சொல்ல முடிகிறது. அவ்வழக்கத்தை மாற்றும் உரிமை அவளுக்கு இருந்ததா என்னும் வினாவே இங்கு எழுப்பத்தக்கது.

மூத்த பெண்கள் இளையோர்மீது அதிகாரம் செலுத்துவதில்லையா என வினவலாம். செலுத்துகின்றனர், மாமியார் கொடுமை கற்பனையன்று. ஆயின் அவ்வதிகாரம் பெரும்பாலும் மகனையோ குலத்தையோ சார்ந்து பெற்றது. அச்சார்பு நீங்கின் தானும் நீங்குவது. இச்சார்புநிலையை ஆராயாது அவளை ஆணாதிக்கத்தின் முகவர் என மட்டும் முடிவு செய்வது பாதி வாசிப்பேயாகும்.

மறுபாதிக்கு வழிகாட்டுவது அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை'. அங்கு மருமகள் மீனாட்சி, நோயுற்ற மாமியார் ஜிஜ்ஜியிடம் சமையலறைக்கு அப்பாற்பட்ட வாழ்வு பற்றிப் பேசுகிறாள். முதியவளும் தன் வாழ்வை எண்ணிப் பார்க்க உரியவள் என்பதை அக்கதை ஏற்கிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கேரள மக்களுள் 12.6 விழுக்காட்டினர் 60 வயதும் அதற்கு மேலும் உடையோர். அவர்களுள் பெண்களே மிகுதி. இவர்தம் வாழ்வைக் கருதாத பெண்ணியம், பாட்டியலார் இட்ட எல்லையைத் தானும் காப்பதாகிவிடும். 'தலைமுறை'களை நாகுவின் பக்கமிருந்து மட்டுமன்றி ஆச்சியின் பக்கமிருந்தும் வாசித்தல் இதற்கு நல்லதொரு தொடக்கமாக அமையும்.