சரிவில் ஒரு புல்வெட்டி வண்டி

அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்து மலைச்சாரல்களில், வீட்டைச் சுற்றி ஏக்கர் கணக்கில் புல்லை வளர்த்து, வளர்த்ததை வாரந்தோறும் வெட்டுவது என்ற விரதத்தையும் பூண்டுகொண்ட கிருகஸ்தர்களுக்கு, நின்ற இடத்திலேயே பம்பரம்போல் சுழலும் 'ஜீரோ டர்ன்' வண்டியைப்போல ஆனந்தம் தருவது வேறொன்றில்லை. வலக்கோலை முன்னே தள்ளி இடக்கோலைப் பின்னே இழுத்தால், பின்சக்கரங்கள் இரண்டும் எதிரெதிராக உருள, வண்டி சட்டென்று முகம் திருப்பிக்கொள்ளும். முன்சக்கரங்களோ, ஆபீஸ் நாற்காலியின் சக்கரங்களைப்போல, இழுத்த பக்கம் போகும் பரம சாதுக்கள்.

அந்தச் சாதுத்தன்மையே சரிவில் அபாயம். ஈரப்புல்லில் பின்சக்கரம் வழுக்கினால் திருப்பவும் வழியில்லை, நிறுத்தவும் வழியில்லை. ஆகையால், கடைக்காரர் வர்ணிக்கும் குதிரைசக்தியில் மயங்காமல், அகன்ற பின்சக்கரமும், தாழ்ந்த அடிப்பாரமும், கவிழ்ந்தால் காக்கும் இரும்பு வளைவும், அதனோடு இடுப்புவாரும் உண்டா என்று பார்ப்பதே உசிதம். ஸ்டியரிங் பிடித்து முன்சக்கரங்களையும் திருப்பும் ரகம் ஒன்று உண்டு. விலை சற்றுக் கூடினாலும் என் ஓட்டு அதற்கே.

பல தயாரிப்பாளர்கள் விதிக்கும் எல்லை 15 பாகை, அதாவது 100 அடி தூரத்துக்குச் சுமார் 27 அடி ஏற்றம். உங்கள் மேடு அதையும் மிஞ்சுமானால், தயவுசெய்து அந்த இடத்தில் வண்டியை ஏற்றாதீர்கள்.