அமைதிகாத்தலும் தேச நிர்மாணமும்: கம்போடிய அநுபவம் பற்றி ஒரு நோக்கு

போரினால் சிதைந்த நாடுகளை மீளக் கட்டியெழுப்புதல் பற்றி எழுதுவோர் ‘தேச நிர்மாணம்’, ‘அரசு நிர்மாணம்’ ஆகிய இரு தொடர்களையும் ஒன்றற்குப் பதிலாக மற்றொன்றை இட்டு வழங்குவதை நாம் காண்கிறோம். இது வெறுஞ் சொற்சோர்வு அன்று. அரசு என்பது அதிகார இயந்திரம். அதனை வெளியார் ஓரளவுக்கேனும் பழுதுபார்க்கலாம். தேசமோ மக்கள் தம்மிடையே கொள்ளும் வரலாற்று உறவு. முன்னதைச் செய்துவிட்டுப் பின்னதைச் செய்ததாகக் கணக்கெழுதும் வழக்கம் எங்ஙனம் உருவாயிற்று என்பதனைக் கம்போடிய உதாரணங்கொண்டு ஆராய்வதே எமது நோக்கம்.

1992 யூன் மாதத்தில் ஐக்கிய நாடுகள் சபையின் செயலாளர் நாயகம் பூத்ரஸ் பூத்ரஸ் காலி ‘சமாதானத்துக்கான நிகழ்ச்சித்திட்டம்’ என்னும் அறிக்கையை வெளியிட்டார். அமைதிகாத்தலோடு நில்லாது, போருக்குப் பின் அமைதியைக் கட்டியெழுப்புதல் என்ற கருத்தையும் அது முன்வைத்தது. ஆயுதக் களைவு, அகதிகளின் மீள்வருகை, பாதுகாப்புப் பிரிவினர்க்குப் பயிற்சி, தேர்தற் கண்காணிப்பு, மனித உரிமைப் பேணுகை, நிருவாக நிறுவனங்களின் சீர்திருத்தம் என அதன் பட்டியல் விரிகிறது. பட்டியலில் இல்லாததையும் நாம் வாசித்தல் வேண்டும். நிலம் யாருக்கு உரியது என்ற வினா அதில் இல்லை. விவசாயிகளே பெரும்பான்மையினராயுள்ள நாடுகளுக்கு இது சிறிய குறையன்று.

அவ்வறிக்கை வெளியானபோது அதன் பெரும் பரிசோதனை கம்போடியாவில் ஏற்கெனவே தொடங்கியிருந்தது. 1991 ஒக்ரோபர் 23இல் பரிஸில் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 1992 மார்ச் முதல் 1993 செப்ரெம்பர் வரை ஐ.நா. இடைக்கால அதிகாரசபை அங்கு இயங்கியது. படையினர், பொலிசார், குடிசார் அலுவலர் என ஏறத்தாழ 22,000 பேர். செலவு 160 கோடி டொலருக்கு மேல். வெளிநாட்டலுவல், பாதுகாப்பு, நிதி, பொதுமக்கள் பாதுகாப்பு, தகவல் ஆகிய ஐந்து துறைகளையும் நேரடிக் கட்டுப்பாட்டிற் கொண்டுவரும் அதிகாரம் அதற்கு எழுத்தில் இருந்தது. நடைமுறையில் கெமர் மொழி அறியாத சிறுதொகை அலுவலர், ஹுன் சென் அரசாங்கத்தின் எழுதுவினைஞர்கள் நீட்டிய கோப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தனர். மாகாண ஆளுநர், பொலிசார், கிராமத் தலைவர் என்ற சங்கிலி அறுபடவேயில்லை.

மறுபுறத்தில், 1992 மே மாத இறுதியில் அதிகாரசபையின் தலைவர் யசூஷி அகாஷியும் படைத்தளபதி சான்டர்சனும் பைலின் பகுதிக்குச் செல்லும் வழியில், பாதைக்குக் குறுக்கே இடப்பட்ட ஒரு மூங்கிற் கழியினாற் கெமர் ரூஜ் போராளிகள் அவர்களைத் தடுத்தனர். இருவரும் திரும்பிச் சென்றனர். (2002இல் யப்பானின் சிறப்புத் தூதுவராக இலங்கைக்கு நியமனம் பெற்றவர் இதே அகாஷிதான், ஆதலின் இக்கதை எமக்கு முற்றிலும் அந்நியமானதன்று.) அக்கழியை முறித்திருக்க வேண்டும் என்று அந்நாளில் வாதித்தோர் பலர். நாம் அவ்வாறு கருதவில்லை. போரிடும் ஆணையின்றி வந்த படை அதனை முறித்திருப்பின் பரிஸ் ஒப்பந்தமே முறிந்திருக்கும். பைலினின் இரத்தினக் கற்களும் மரமும் தாய்லாந்து வணிகர் வழியே பணமாகிக்கொண்டிருந்தமையே கெமர் ரூஜின் உண்மையான அரண்.

ஈண்டு முற்போக்காளராகிய நாம் எம்மையும் விமர்சித்துக்கொள்ளல் தகும். இம்முயற்சி முழுவதையும் ஏகாதிபத்திய நாடகம் என ஒதுக்குவது எளிது. 1969 முதல் 1973 வரை அந்நாட்டின்மீது அமெரிக்கா குண்டு பொழிந்ததும், 1979இல் வீழ்ந்த பொல் பொட் தரப்பினருக்கே பத்தாண்டுக்கு மேலாக ஐ.நா. ஆசனம் விடப்பட்டதும் மறக்கத்தக்கனவல்ல. ஆயினும் பொல் பொட்டின் கொடுமைகளை ஏற்கத் தயங்கியோர் இடதுசாரிகளிடையேயும் இருந்தனர். மேலும், 1993 மே மாதத்தில், கெமர் ரூஜின் மிரட்டலையும் பொருட்படுத்தாது, பதிவுசெய்த வாக்காளரில் ஏறத்தாழ 90 வீதமானோர் வாக்களித்தனர். அவர்களுடைய துணிவு எந்த வல்லரசும் எழுதிக்கொடுத்ததன்று.

அத்துணிவுக்கு நேர்ந்ததே கவனிக்கத்தக்கது. ரணரித்தின் கட்சி 58 ஆசனங்களையும் ஹுன் சென்னின் கட்சி 51 ஆசனங்களையும் பெற்றன. தோற்றவர்கள் கிழக்கு மாகாணங்கள் பிரிந்துசெல்லும் என அச்சுறுத்தினர். விளைவு, இரு பிரதமர்களைக் கொண்ட ஓர் அரசாங்கம். வாக்குகள் ஒருவரிடமும் துப்பாக்கிகள் மற்றவரிடமும் இருந்த இவ்வேற்பாடு 1997 யூலையில் நொம்பென் வீதிகளில் முடிந்தது. ஹுன் சென் 2023 வரை பிரதமராயிருந்து, பதவியை மகனிடம் ஒப்படைத்தார். பைலின்கூட நீல நிறத் தொப்பிகளால் வெல்லப்படவில்லை. 1996இல் இயெங் சாரி மன்னிப்புப் பெற்று அரசின் பக்கம் வந்தபோது, அப்பகுதியின் ஆதிக்கம் அவரைச் சார்ந்தோரிடமே விடப்பட்டது. போர் ஓய்ந்தது உண்மை; அதற்குக் கொடுத்த விலை இது.

அதிகாரசபையின் பெருஞ் சாதனையாகக் கூறப்படுவது, தாய்லாந்து எல்லை முகாம்களிலிருந்து 360,000 பேர் வரையில் தாயகம் மீண்டமை. பாராட்டத்தக்கதே. ஆனால் தொடக்கத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இரண்டு ஹெக்டேயர் வரையான நிலம் வாக்களிக்கப்பட்டிருந்தது. நிலக்கண்ணி இல்லாததும் பிறர் உரிமை கோராததுமான நிலம் போதியளவு கிடைக்காதுபோகவே, வளர்ந்தவருக்கு 50 டொலர், சிறுவருக்கு 25 டொலர் எனப் பணம் மாற்றீடாயிற்று. பெரும்பாலோர் அதனையே பெற்றுச் சென்றனர். பத்தாண்டுகளுக்கு மேலாக முகாமில் அரிசி பங்கீடு பெற்று வாழ்ந்த ஒரு விவசாயியை நிலமின்றிக் கிராமத்துக்கு அனுப்பிவிட்டு அதனை மீள்குடியேற்றம் என அழைத்தோம். பிற்காலத்தில் அரசு பரந்த நிலப்பரப்புகளை இறப்பர், கரும்புக் கம்பனிகளுக்கு நீண்டகாலச் சலுகையாக வழங்கியபோது வெளியேற்றப்பட்டோரிடம் காட்டுதற்கு உறுதிகள் இருக்கவில்லை. எதிர்ப்புகள் மலிந்தமையால் 2012 மே மாதத்தில் புதிய சலுகைகளை ஹுன் சென்னே இடைநிறுத்த வேண்டியதாயிற்று. முன்னர் வழங்கப்பட்டவற்றுட் பல கம்பனிகளிடமே எஞ்சின.