அறிவுரையும் ஆய்வுகூடமும்: கஹாலின் நூலும் இளம் உடற்றொழிலியலாளரும்

விஞ்ஞானத் துறையொன்றிற் புதிதாகப் புகும் இளைஞர்க்கு அத்துறையின் முதுவர் கூறும் அறிவுரை மேனாட்டு எழுத்திலே தனியொரு வகையாக வளர்ந்துள்ளது. உடற்றொழிலியலும் அதனோடொட்டிய துறைகளும் இவ்வகையிற் குறிப்பிடத்தக்க மூன்று ஆக்கங்களைத் தந்துள்ளன. ஸ்பானிய இழையவியலாளர் சந்தியாகோ இராமோன் இ கஹால் 1897 இல் மட்றிட் விஞ்ஞானக் கழகத்தில் நிகழ்த்திய உரையிலிருந்து விரிவடைந்த நூல் ஒன்று. இவான் பவ்லோவ் 1936 இல் தாம் இறப்பதற்குச் சற்று முன்னர் சோவியத் இளைஞர்க்கு எழுதிய சிறு கடிதம் மற்றொன்று. பீற்றர் மெடவார் 1979 இல் வெளியிட்ட நூல் மூன்றாவது. மூவரும் உடற்றொழிலியல் அல்லது மருத்துவத்துக்கான நொபெல் பரிசினைப் பெற்றவர்கள்.

இவை இன்றும் படிக்கப்படுகின்றன. கஹாலின் நூல் 1999 இல் ஆங்கிலத்திற் புதிதாக மொழிபெயர்க்கப்பட்டு, ஆய்வு மாணவர் கைகளிற் பரவலாக உலவுகின்றது. உடற்றொழிலியற் சங்கங்கள் இளம் ஆய்வாளர்க்கென நடத்தும் பயிற்சிப் பட்டறைகளும் வழிகாட்டித் திட்டங்களும் இந்நூல்களின் குரலையே வேறொரு நடையில் எதிரொலிக்கின்றன எனலாம். எனவே அக்குரல் யாரை நோக்கி, எதனைக் கூறுகின்றது, எதனைக் கூறாது விடுகின்றது என்று வினவுவது வெறும் இலக்கிய ஆர்வத்தின் பாற்பட்டதன்று. ஆய்வுலகிற் பின்தங்கிய ஓர் இளைஞரின் தோல்விக்கு அவரது மனத்திண்மைக் குறைவு காரணமா, அவர் நிறுத்தப்பட்ட இடம் காரணமா என்ற வினா அதனுள் அடங்கியுள்ளது.

மூன்றினுள்ளும் கஹாலின் நூலே வலுவானது. ஐரோப்பிய விஞ்ஞானத்தின் விளிம்பிலிருந்த ஒரு நாட்டிலே, ஆய்வு என்பது ஜேர்மனியருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் உரிய செயல் என்று கற்றவரே நம்பியிருந்த வேளையில் அது எழுதப்பட்டது. ஆகவே கஹால் முதலிற் போரிட்டது அறியாமையோடன்று, தாழ்வுணர்ச்சியோடு. பேரறிஞர் மீது கொள்ளும் மிதமிஞ்சிய பக்தி இளைஞனின் கையைக் கட்டிப்போடுகிறது. முக்கியமான பிரச்சினைகள் யாவும் தீர்ந்துவிட்டன என்பது பொய். நடுத்தர ஆற்றலுடையோனும் இடையறாத முயற்சியினால் தன் மூளையைத் தானே செதுக்கிக்கொள்ள இயலும். இவை அவரது அடிப்படைக் கூற்றுகள். பின்தங்கிய நாடொன்றின் இளைஞரிடம் இவ்வாறு பேசியமை அக்காலத்தில் ஒரு சனநாயகச் செயலேயாகும். விஞ்ஞானம் பிறவி மேதைகளின் குலச்சொத்து என்ற எண்ணத்தை அது உடைத்தது.

ஆயினும் அவரது வாதம் முழுவதும் தனிமனிதனின் சித்தத்தை அச்சாகக் கொண்டே சுழல்கின்றது. ஆய்வாளனுக்கு வேண்டிய பண்புகளாக அவர் காட்டுவன தற்சார்பான தீர்ப்பு, விடாமுயற்சி, புகழ்வேட்கை, நாட்டுப்பற்று, புதுமை நாட்டம் என்பனவாகும். தோற்றவர்களையோ அவர் ஒரு நோயாளர் விடுதியில் நிரல்பட நிறுத்துகிறார். இயற்கையை இரசிப்பதோடு அமைபவர், நூல்களைத் திரட்டி மொழிகளைக் கற்பதிலே காலங் கழிப்பவர், பெரும் திட்டங்களைத் தீட்டி எதையும் முடிக்காதவர், கருவிகளை வாங்கித் துடைத்து வைப்பவர், கோட்பாடு புனைவதிலே மகிழ்பவர் எனச் சித்த நோய்க்கு ஆட்பட்டோரைப் பற்றி அவர் வரையும் சித்திரங்கள் அங்கதச் சுவை மிக்கவை. நமது பீடங்களிலும் இவர்களை எளிதில் இனங்காணலாம். ஆனால் நோய் எங்கிருந்து வந்தது என்று மருத்துவர் கேட்கவில்லை. ஆய்வுக்குரிய பதவி கிடைக்காமையால் நூல்களிடையே ஒதுங்கியவரும், ஒதுங்குவதையே விரும்பியவரும் அவர் பட்டியலில் ஒருங்கே இடம்பெறுகின்றனர். வசதியின்மையை அவர் பெருந்தடையாகக் கொள்வதுமில்லை. ஒரு நுணுக்குக்காட்டியும் சில இரசாயனப் பொருள்களும் இருப்பின் வீட்டறையே ஆய்வுகூடமாகிவிடும் என்பது அவர் துணிபு.

இத்துணிபினை அவரது வாழ்க்கையோடு ஒப்புநோக்குதல் வேண்டும். கியூபாவில் இராணுவ வைத்தியராகப் பணியாற்றி மீதப்படுத்திய பணத்தைக் கொண்டு, தவணை முறையில் அவர் தமது முதல் நுணுக்குக்காட்டியை வாங்கினார். 1885 இற் பரவிய கொள்ளைநோய் பற்றி அவர் ஆற்றிய பணிக்காக சரகோசா மாகாண சபை உயர்தரமான சைஸ் நுணுக்குக்காட்டியொன்றை அன்பளிப்புச் செய்தது. நரம்புக்கலங்களைத் தெளிவாகக் காட்டும் கொல்கியின் சாயமூட்டு முறையை 1887 இல் மட்றிட்டில் சிமாரோ என்னும் மருத்துவரிடமே அவர் கண்டார். அச்சந்திப்பு நிகழ்ந்திராவிடின் அவரது விடாமுயற்சி எத்திசையிற் சென்றிருக்கும் என்று கேட்பது தவறாகாது. 1888 இல் தமது சொந்தச் செலவில் சஞ்சிகையொன்றைத் தொடங்கி, அறுபது பிரதிகளை மட்டும் அச்சிட்டுப் பெரும்பாலும் வெளிநாட்டு அறிஞர்க்கு அனுப்பினார். அது ஸ்பானிய மொழியில் இருந்தமையால் போதிய கவனத்தைப் பெறவில்லை. மறு ஆண்டு தம் பணத்திலேயே பேர்லினுக்குச் சென்று, உடற்கூற்றியலாளர் மாநாட்டில் தமது தயாரிப்புகளை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துக் காட்டிய பின்னரே கொலிக்கர் போன்ற ஜேர்மானியப் பேராசிரியர் அவரை ஏற்றனர்.

கருவி, முறை, சஞ்சிகை, மொழி, பயணம், மூத்தோரின் ஏற்பு என்னும் இவ்வனைத்தும் இன்று இளம் உடற்றொழிலியலாளர்க்குச் சங்கங்களும் பல்கலைக்கழகங்களும் வழங்க முற்படும் வாய்ப்புகளே. கஹாலுக்கு அவற்றை வழங்க எவருமிலர். குடும்ப வருமானத்திலிருந்து அவரே தமக்கு வழங்கிக்கொண்டார். வென்றபின் திரும்பிப் பார்க்கையில் அச்செலவுகள் அனைத்தும் மன உறுதி என்னும் ஒரே சொல்லினுள் மறைந்துவிட்டன.

அக்குடும்ப வருமானத்தைக் கட்டிக்காத்தவர் யார் என்ற வினா நூலின் பலவீனமான பகுதிக்கு நம்மை இட்டுச்செல்கிறது. ஆய்வாளனுக்கு ஏற்ற மனைவி யார் என்று கஹால் விரிவாகவே ஆராய்கிறார். கல்வியிற் சிறந்தவள், செல்வக் குடும்பத்தவள், கலைநாட்டம் உடையவள், உழைப்பாளி எனப் பெண்களை வகைப்படுத்தி, கணவனின் இலட்சியத்தைத் தன்னதாக ஏற்கும் உழைப்பாளியே தக்கவள் என முடிவு கட்டுகிறார். காலத்தின் குறை என்று இதனை ஒதுக்கிவிடலாகாது. இளம் ஆய்வாளனின் நேரம் வேறொருவரின் கூலியற்ற உழைப்பினால் வாங்கப்படுகிறது என்ற உண்மை, அறிவுரை இலக்கியத்தில் இத்துணை வெளிப்படையாக வேறெங்கும் பேசப்படவில்லை என்றே தோன்றுகிறது. கஹால் அதனைக் குறையாகக் காணவில்லை, அவ்வளவே. உடற்றொழிலியலில் நிலைமை எங்கணும் இவ்வாறே இருந்தது. 1876 இல் தோன்றிய இங்கிலாந்தின் உடற்றொழிலியற் சங்கம் 1915 இலேயே பெண்களை அங்கத்தவராகச் சேர்த்தது. அதுவரை மாநாடும் விருந்தும் அறிமுகமும் ஆடவர்க்கே உரியவாயிருந்தன. மெடவார், ஆண் பெண் பாகுபாட்டுக்கும் இனப் பாகுபாட்டுக்கும் தமது நூலில் ஓர் இயலை ஒதுக்கினார். அது காலம் கொணர்ந்த முன்னேற்றம். ஆயினும் தனிநபர்களின் தப்பெண்ணத்தைச் சாடுமளவுக்கு அவர் நியமன முறையையும் சம்பளத்தையும் ஆராய்ந்தார் எனக் கூறமுடியாது.

ஆய்வுகூடம் ஒன்றிருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று இதிலிருந்து முடிவு செய்வதும் அவசரமே. பவ்லோவின் எடுத்துக்காட்டு இவ்விடத்துப் பயன்படும். படிமுறையான உழைப்பு, அடக்கம், ஆர்வவெறி ஆகிய மூன்றையும் அவரது கடிதம் இளைஞரிடம் வேண்டுகிறது. சோவியத் அரசு விஞ்ஞானத்துக்கு வழங்கிய ஆதரவையும் நன்றியுடன் குறிப்பிடுகிறது. தாமே இளமையில் வறுமைப்பட்டு, பொட்கினின் மருத்துவமனையைச் சார்ந்த சிறிய ஆய்வுகூடத்தில் ஆண்டுக்கணக்கில் உழைத்தவராதலின் அந்நன்றி போலியன்று. ஆனால் 1891 முதல் சென் பீற்றர்ஸ்பேர்க்கின் பரிசோதனை மருத்துவ நிறுவகத்தில் அவர் நடத்திய ஆய்வுகூடத்தின் வரலாற்றை டானியல் ரோட்ஸ் 2002 இல் விரிவாக எழுதியுள்ளார். அந்நூல் அதனை ஒரு தொழிற்சாலையாகவே காண்கிறது. 1904 வரையில் ஏறத்தாழ நூறுபேர் அங்கு பணிபுரிந்தனர். பெரும்பாலோர் கலாநிதிப் பட்டத்தின் பொருட்டு இரண்டொரு ஆண்டு தங்கிய மருத்துவர். வினாவைத் தீர்மானித்தவரும் விளைவுக்குப் பொருள் கூறியவரும் பவ்லோவே. நாய்களைப் பேணி இரைப்பைச் சாற்றை அளந்தவர் இவர்கள். ஆய்வேடுகள் இவர்கள் பெயரில் வெளிவந்தமையால், அம்முடிவுகளைப் பவ்லோவுடையவையாகக் கொள்ளலாமா என்ற ஐயம் நொபெல் குழுவினரிடையேயும் எழுந்தது. பட்டம் பெற்றவரிற் பெரும்பான்மையோர் மருத்துவத் தொழிலுக்கே மீண்டனர். வாய்ப்பு வழங்கப்பட்டது, ஆனால் வினா எழுப்பும் உரிமை வழங்கப்படவில்லை. வாய்ப்புகளை எண்ணிக்கையால் மட்டும் அளப்போர் இவ்வேறுபாட்டைக் கவனிப்பதில்லை.

கஹாலிடம் மீளுவோம். அவரைத் தனிமனிதவாதி என முத்திரை குத்தி ஒதுக்குவது முறையாகாது. நூலின் பிற்பகுதியில் அரசின் கடமைகளைப் பற்றியும் அவர் எழுதினார்: இளைஞரை வெளிநாட்டு ஆய்வுகூடங்களுக்கு அனுப்புக, மீண்டு வருவோர்க்கு இடமளிக்க என்று. 1907 இல் நிறுவப்பட்ட கல்வி விரிவாக்கச் சபையின் தலைவராக அவரே நியமிக்கப்பட்டார். சித்தத்தைப் போற்றிய எழுத்தாளர், புலமைப்பரிசில்களைப் பங்கிடும் நிருவாகியானார். நூலுக்கு இதனைவிடச் சிறந்த விமரிசனத்தை எவரும் எழுதியிருக்க முடியாது.

உடற்றொழிலியலில் அச்சபையின் செயற்பாடு நன்கு வெளிப்பட்டது. லைப்சிக்கிற் பயின்று முதலாம் உலகப்போர்க் காலத்தில் நாடு திரும்பிய ஜுவான் நெக்ரினின் பொறுப்பில், 1916 இல் மட்றிட் மாணவர் விடுதியிற் சிறியதோர் உடற்றொழிலியல் ஆய்வுகூடம் அமைக்கப்பட்டது. கஹாலின் எழுத்தினாற் கவரப்பட்டு மருத்துவம் பயில வந்த செவெரோ ஒச்சோவா, கஹால் ஓய்வுபெற்றுவிட்டமையால் அவரிடம் கற்கும் பேற்றினை இழந்தார். நெக்ரினின் ஆய்வுகூடத்திற் சேர்ந்தார். மாணவராயிருந்தபோதே சக மாணவர் ஒருவருடன் தசையிலுள்ள கிரியற்றினைச் சிறு அளவிலே கணிக்கும் முறையை உருவாக்கினார். அது 1929 இல் அமெரிக்க உயிரிரசாயனச் சஞ்சிகையில் வெளிவந்தது. இடையில் கிளாஸ்கோவிலும், பின்னர் பேர்லினில் மையர்ஹோவிடமும் பணியாற்றி மீண்டார். தூண்டுதலைத் தந்தது கஹாலின் சொல். கைத்திறனைத் தந்தது நெக்ரினின் மேசை. ஒன்றை மற்றொன்றின் நிழலாகக் காட்டுவது இயந்திரப் பாங்கான பொருள்முதல்வாதமேயன்றி வேறன்று. எனினும் சொல்லைப் பெற்று மேசையைப் பெறாதோர் எத்தனைபேர் என்பதற்கு வரலாற்றில் ஏடுகள் இல்லை.

அம்மேசை நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1936 இல் உள்நாட்டுப் போர் வெடித்தது. ஒச்சோவா அவ்வாண்டிலேயே வெளியேறி, ஹைடல்பேர்க், பிளிமத், ஒக்ஸ்போர்ட் வழியே ஐக்கிய அமெரிக்காவை அடைந்தார். 1959 இல் அவருக்கு நொபெல் பரிசு கிடைத்தபோது அவர் அமெரிக்கப் பிரசை. நெக்ரின் 1937 இற் குடியரசின் பிரதமராகி, தோல்வியின் பின் புலம்பெயர்ந்து 1956 இற் பாரிசில் இறந்தார். பிராங்கோவின் ஆட்சி சபையைக் கலைத்து, 1939 இல் அதனிடத்தே வேறோர் அமைப்பை நிறுவிற்று. முப்பதாண்டு உழைப்பினால் உருவான ஓர் ஆய்வுத் தலைமுறை சிதறியது. இதனைச் சித்த நோய் என்று எவர் கூறுவர்?

இன்றைய அறிவுரை எழுத்தின் நிலை யாது? உடற்றொழிலியற் சங்கங்கள் வழங்கும் பயண உதவியும் குறுங்காலப் பயிற்சியும் பயனுடையன. அவற்றைப் பழிப்பது நமது நோக்கமன்று. கஹால் கைப்பணத்திற் செய்த பேர்லின் பயணத்தை இன்று ஓரளவிற்கேனும் சங்கம் ஏற்கிறது. ஆனால் பயிற்சிப் பட்டறைகளிற் பெரிதும் கற்பிக்கப்படுவன விண்ணப்பம் எழுதும் திறன், தன்னை எடுத்துரைக்கும் திறன், நேரத்தைப் பங்கிடும் திறன் என்பனவே. ஒரு பதவிக்குப் பலர் போட்டியிடுமிடத்து, அனைவரும் விண்ணப்பம் எழுதக் கற்றுக்கொள்வதாற் பதவிகள் பெருகுவதில்லை. மேனாடுகளிற் கலாநிதிப் பட்டத்தின் பின்னர் ஆண்டுக்கணக்கில் தற்காலிக ஒப்பந்தங்களில் அலையும் ஆய்வாளரிடம் நெகிழ்ச்சித்திறன் பற்றிப் பேசப்படுகின்றது. கஹாலின் பழைய சித்தமே புதுப்பெயர் பூண்டு வந்துள்ளது. அவரது பிற்பகுதி மட்டும் உடன் வரவில்லை.

நமது மருத்துவ பீடங்களில் உடற்றொழிலியலைத் தெரிவுசெய்யும் தகுதிகாண் விரிவுரையாளர் குறித்த காலத்துள் உயர்பட்டம் பெற்றாலே நிரந்தரமாக்கப்படுவர். அதன் பொருட்டு வெளிநாடு செல்வோர் மீண்டுவந்து பணியாற்றுவதாக ஒப்பந்தத்திற் கையொப்பமிடுகின்றனர். கஹாலின் சபை வகுத்த முறையும் ஏறத்தாழ இதுவே. 2022 இன் பொருளாதார நெருக்கடியை அடுத்துப் பல்கலைக்கழக ஆசிரியர் பலர் நாட்டை நீங்கினர். மீளாதோரைக் குறித்து நாட்டுப்பற்று என்னும் சொல் மீண்டும் எழுந்தது. கஹாலின் பட்டியலிலும் அச்சொல் உண்டு. ஆனால் அவரது சபை மீண்டு வந்தவர்க்கு ஓர் ஆய்வுகூடத்தையும் அமைத்துக் கொடுத்தது. உயர்பட்டத்தோடு திரும்பும் உடற்றொழிலியலாளர் தாம் வெளியிற் கற்ற முறையைத் தொடர்வதற்கு எந்த அறையில், எக்கருவிகளோடு, விரிவுரைகளும் பரீட்சைகளும் போக எஞ்சும் எத்தனை மணிநேரத்தோடு அமர்த்தப்படுகிறார் என்பதனை ஒப்பந்தப் பத்திரங்கள் கூறுவதில்லை.