வீடு கேட்கும் நான்கு கேள்விகள்

பள்ளி முடிக்கும் பிள்ளைகளுக்கான தமிழ்நாடு அரசின் வழிகாட்டல் திட்டத்துக்கு ‘நான் முதல்வன்’ என்று பெயர். 2022 மார்ச் 1 அன்று தொடங்கப்பட்டது. பெண்பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கும் வகுப்பறையில் ‘முதல்வன்’ என்று ஏன் ஆண்பாலில் சொல்ல வேண்டும் என்ற கேள்வி நம்மில் பலருக்கு உடனே எழும். நியாயமான கேள்வி. ஆனால் என்னை அதிகம் உறுத்துவது முதல் சொல்தான்: ‘நான்’.

யார் இந்த ‘நான்’? உனக்கு எதில் ஆர்வம், எந்தப் பாடம் நன்றாக வருகிறது, எந்தப் படிப்பு எந்த வேலைக்குக் கொண்டுபோகும் என்று வழிகாட்டல் வகுப்பு பேசுகிறது. தன் வாழ்க்கையைப் பற்றித் தானே முடிவெடுக்கக்கூடிய ஒருவரை எதிரே உட்கார வைத்துக்கொண்டு பேசும் பேச்சு இது. சாத்தான்குளம் பக்கத்துப் பன்னிரண்டாம் வகுப்பு மாணவிக்கு அந்த இடம் இன்னும் கிடைக்கவில்லை. அவளைப் பற்றிய முடிவு வீட்டில் எடுக்கப்படுகிறது. சில நேரம் வீட்டில்கூட இல்லை. சென்னையிலோ மும்பையிலோ கடை வைத்திருக்கும் பெரியப்பா போனில் சொல்வதுதான் முடிவு.

இந்தப் பகுதிப் பெண்பிள்ளைகளிடம் மேற்படிப்பு பற்றிப் பேசும்போது, “எங்கப்பா விடமாட்டாவ டீச்சர்” என்ற ஒற்றை வரியில் பேச்சு முடிந்துவிடும். ஏன் விடமாட்டார் என்று துருவினால் நான்கு கேள்விகள் வெளியே வரும். “காலேஜு எங்கட்டி இருக்கு? எத்தன மணிக்கு வீடு வந்து சேருவ? கூட யாரு போறா? இதுக்குச் செலவழிச்சிட்டா கல்யாணத்துக்கு என்ன செய்ய?” வழிகாட்டல் வகுப்பின் கேள்விகள் ஒரு பக்கம், வீட்டின் கேள்விகள் இன்னொரு பக்கம். இரண்டுக்கும் நடுவில் அந்தப் பதினேழு வயதுப் பெண் தனியாக நிற்கிறாள்.

மதிப்பெண் இங்கே தடையே இல்லை. 2024 பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வில் மாணவிகள் 96.44 சதவீதமும் மாணவர்கள் 92.37 சதவீதமும் தேர்ச்சி பெற்றார்கள். அதே தமிழ்நாட்டில், 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 20 முதல் 24 வயதுக்குட்பட்ட பெண்களில் நூற்றுக்குக் கிட்டத்தட்ட 13 பேர் 18 வயதுக்கு முன்பே கல்யாணம் செய்துவைக்கப்பட்டவர்கள். அவர்களிடம் ‘உன் ஆர்வம் என்ன’ என்று கேட்டதால் மட்டும் அந்தக் கல்யாணம் நின்றிருக்காது.

வீட்டின் நான்கு கேள்விகளையும் நன்றாகப் புரிந்துவைத்திருந்த ஒரு வழிகாட்டி நம் ஊர்களில் இருந்தார். நூற்பாலைக்கு ஆள் பிடிக்கும் தரகர். தூத்துக்குடி, திருநெல்வேலி போன்ற தென்மாவட்டங்களிலிருந்து ஏழைப் பெண்பிள்ளைகள் கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து ஆலைகளுக்குக் கொண்டுபோகப்பட்ட ‘சுமங்கலித் திட்டம்’ நினைவிருக்கலாம். தரகர் பள்ளியில் கூட்டம் போடவில்லை. வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து, அம்மாவிடமும் அப்பாவிடமும் பேசினார். தூரமா? வண்டி வரும். நேரமா? வளாகத்துக்குள்ளேயே விடுதி. துணையா? நம்ம ஊர்ப் பிள்ளைகளே இருக்காங்க. கல்யாணமா? மூன்று வருஷம் முடிந்தால் மொத்தமாக ரூ.30,000 முதல் ரூ.50,000 வரை. நான்குக்கும் அவரிடம் பதில் இருந்தது. அந்தப் பதில்களுக்குள் பூட்டிய கதவும், நீண்ட வேலை நேரமும், மூன்று வருஷத்தை முடிக்காதவளுக்குக் கைக்கு வராமல் போன பணமும் இருந்தன. அவர் காட்டிய வழி கொடுமையானது. ஆனால் யாரிடம் போய், எதைப் பேச வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நல்ல வழியைக் காட்டுகிறவர்களுக்கு இது தெரியாமல் போனது ஏன் என்பதே என் கேள்வி.

அரசும் நெடுநாள் நான்காவது கேள்விக்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் பெயரில் 1989இல் வந்தது திருமண உதவித் திட்டம். எட்டாம் வகுப்பு வரை படித்த ஏழைப் பெண்ணுக்கு ரூ.5,000. பின்னாளில் பத்தாம் வகுப்புக்கு ரூ.25,000, பட்டத்துக்கு ரூ.50,000, கூடவே தாலிக்குத் தங்கம் என்று வளர்ந்தது. பெண்களைப் பள்ளியில் நிறுத்திவைக்க அது உதவியது என்பதை மறுக்கவில்லை. ஆனால் படிப்பின் பலன் கல்யாணத்தின்போது கைக்கு வரும் என்ற பாடத்தையும் சேர்த்தே அது சொல்லிக்கொடுத்தது.

2022 செப்டம்பர் 5 அன்று அத்திட்டம் ‘புதுமைப் பெண்’ ஆக மாறியது. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்து, மேற்படிப்பில் சேரும் பெண்ணின் வங்கிக் கணக்கில் மாதம் ரூ.1,000. தாலிக்கான பணம் படிப்புக்கான பணமானது பெரிய மாற்றம். அதை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் அந்த ஆயிரம் ரூபாய் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் வருகிறது. சேரவிடாத வீட்டுவாசலில் நிற்பவளுக்கு அது எட்டாது.

தூரத்தை எடுத்துக்கொள்வோம். சாத்தான்குளத்திலேயே அரசு மகளிர் கலை அறிவியல் கல்லூரி இருக்கிறது. வீட்டின் முதல் மூன்று கேள்விகளுக்கும் அது பதில். அதனால்தான் பல பெண்களுக்கு அது கதவாகவும் எல்லையாகவும் இருக்கிறது. அங்கே உள்ள பாடத்தைப் படிக்கலாம். இல்லாத பாடத்தை ஆசைப்படக்கூட முடியாது. தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது, கிள்ளிகுளத்தில் வேளாண் கல்லூரி இருக்கிறது, திருநெல்வேலியில் சட்டக் கல்லூரியும் பொறியியல் கல்லூரியும் இருக்கின்றன. எல்லாம் வழிகாட்டல் வகுப்பில் சொல்லப்படும். விடுதியில் யார் பொறுப்பு, கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021 மே மாதத்திலிருந்து இருக்கிறது. ஆனால் அது சாதாரண நகரப் பேருந்துகளுக்குத்தான். வெளியூர்ப் பேருந்தில் போய்வர எவ்வளவு ஆகும் என்ற கணக்கை அவள் கையில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

அண்ணனுக்கு இந்தக் கணக்குகள் எதுவும் வேண்டியதில்லை. அவனுக்கும் வறுமை உண்டு. பள்ளி முடித்ததும் அவனைக் கடை வேலைக்கு ரயிலேற்றிவிடும் வீடுகள் நிறைய. ஆனால் அந்த ரயில் இரவு எத்தனை மணிக்குப் புறப்படுகிறது என்று யாரும் கவலைப்படுவதில்லை. அரசின் முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகையும் குடும்பத்தில் முதலில் பட்டம் படிப்பவருக்கு மட்டும்தான். அண்ணன் முந்திவிட்டால் தங்கைக்கு அது கிடையாது.

பள்ளியில் நடக்கும் வகுப்பு வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. அது வீட்டுக்கும் வர வேண்டும் என்கிறேன். பத்தாம் வகுப்பு முடிந்து குரூப் தேர்ந்தெடுக்கும்போதே அம்மாக்களைக் கூட்டிப் பேசலாம். ஒரு நாள் பேருந்து வைத்து அம்மாவையும் மகளையும் திருநெல்வேலிக் கல்லூரிக்கும் விடுதிக்கும் கூட்டிப்போய்க் காட்டலாம். இதே தெருவிலிருந்து போய்ப் படித்துவிட்டு வந்த அக்கா ஒருத்தியைப் பேசவைத்தால், அவள் பேச்சு எந்த நிபுணரின் பேச்சைவிடவும் வீட்டுக்குள் நுழையும். தேர்வில் தவறியவளுக்குத் துணைத்தேர்வு இருக்கிறது, பாலிடெக்னிக்கும் ஐடிஐயும் பெண்களுக்கும்தான் என்பதை முடிவுகள் வருவதற்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். வந்த பிறகு சொன்னால் அதற்குள் மாப்பிள்ளை பார்த்திருப்பார்கள். 18 வயதுக்கு முன் கல்யாணப் பேச்சு வந்தால் 1098க்குப் போன் செய்யலாம் என்பதும் வழிகாட்டல்தான்.

அடுத்த ஆண்டு வழிகாட்டல் கையேடு அச்சடிக்கும்போது, முதல் பக்கத்தில் ‘உன் கனவு என்ன’ என்று கேட்கட்டும். எதிர்ப்பக்கத்தில் ஒவ்வொரு கல்லூரிக்கும் நேராகப் பேருந்து நேரம், கட்டணம், விடுதிப் பொறுப்பாளரின் எண், உதவித்தொகை விவரம் ஆகியவற்றைப் போடட்டும். அந்தப் பக்கத்தை அவள் வீட்டில் விரித்து வைப்பாள். அப்பா கேட்கும் கேள்விகளுக்கு அழாமல், கெஞ்சாமல், ஒவ்வொன்றாகப் பதில் சொல்வாள்.