கலப்பின் விலை

பம்பாயில் ஒரு குன்றின் மேல் நான்கு பங்களாக்கள். உரிமையாளர் வில்லியம் மெத்வோல்ட் என்ற வெள்ளைக்காரர். நாட்டைவிட்டுக் கிளம்பும் முன் அவற்றை அடிமாட்டு விலைக்கு விற்கிறார். நிபந்தனை இரண்டுதான்: வீட்டிலுள்ள சாமான் எதையும் அப்புறப்படுத்தக் கூடாது, வீடு கைமாறுவது 1947 ஆகஸ்ட் 15 நள்ளிரவில்தான். வாங்கிய இந்தியக் குடும்பங்கள் முதலில் முணுமுணுக்கின்றன. பிறகு மாலை ஆறு மணியானால் மதுக்கோப்பையோடு ஒன்றுகூடப் பழகிக்கொள்கின்றன. மெத்வோல்ட் எதிரே வந்தால் எல்லாருடைய ஆங்கிலமும் ஆக்ஸ்ஃபோர்டு உச்சரிப்புக்குத் தாவுகிறது. ஆண்டவர்கள் போன பிறகும் அவர்களுடைய பழக்கம் வீட்டில் குடியிருக்கும் என்பதைச் சல்மான் ருஷ்தியின் ‘நள்ளிரவின் குழந்தைகள்’ (1981) இப்படிச் சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறது.

அந்த நாவலுக்குப் பின், வேரைவிட்டு நகர்ந்தவரும் இரண்டு பண்பாடுகளுக்கு நடுவே நிற்பவரும் நாயகராவது இந்திய ஆங்கிலப் புனைவில் ஏறக்குறைய ஒரு மரபாகிவிட்டது. விருதுகளும் பல்கலைக்கழகப் பாடத்திட்டங்களும் அதற்கு வலுச் சேர்த்தன. அந்த மரபு எதைச் சாதித்தது, எங்கே சறுக்கியது என்று நிதானமாகக் கணக்குப் பார்க்க இப்போது போதிய தூரம் கிடைத்திருக்கிறது.

முதல் சாதனை, தூய அடையாளம் என்ற பேச்சை அது உடைத்தது. ருஷ்தியின் நாயகன் சலீம் சினாய், மெத்வோல்டுக்கும் தெருப்பாடகன் ஒருவனின் மனைவிக்கும் பிறந்தவன். மேரி பெரேரா என்ற கத்தோலிக்கப் பெண் பிரசவ விடுதியில் குழந்தைகளை மாற்றிவைக்க, வசதியான முஸ்லிம் வீட்டில் வளர்கிறான். உண்மை வெளிவந்த பிறகும் அவன் அந்த வீட்டுப் பிள்ளையாகவே கதையில் நீடிக்கிறான். நாடும் தலைவியும் ஒன்றே என்று முழங்கிய நெருக்கடி நிலையின் கசப்பு ஆறுவதற்குள் இந்த நாவல் வந்தது. ரத்தத்தை வைத்து எவரையும் இந்த மண்ணுக்கு உரியவர், அந்நியர் என்று பிரிக்க முடியாது என்பதை அது கதையின் அமைப்பாகவே ஆக்கிக் காட்டியது. அந்த வாதத்துக்கு இன்றும் தேவை குறையவில்லை.

இரண்டாவது சாதனை, இடப்பெயர்வின் வலியை அன்றாடத்துக்குள் கொண்டுவந்தது. ஜும்பா லாஹிரியின் ‘தி நேம்சேக்’ (2003) தொடக்கத்தில், நிறைமாதக் கர்ப்பிணியான அஷிமா அமெரிக்கச் சமையலறையில் நிற்கிறாள். டப்பாவில் வரும் ரைஸ் கிரிஸ்பீஸ், வேர்க்கடலை, நறுக்கிய வெங்காயம், உப்பு, எலுமிச்சைச் சாறு, பச்சை மிளகாய் எல்லாம் கலந்து, கல்கத்தா நடைபாதையில் விற்கும் பொரியைப் போலச் செய்துபார்க்கிறாள். கடுகெண்ணெய் மட்டும் இல்லை. எப்படிக் கலந்தாலும் ஏதோ ஒன்று குறைகிறது. அந்நிய மண்ணில் வாழ்வதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவதைவிட இந்தக் கிண்ணம் அதிகம் சொல்லிவிடுகிறது.

ஆனால் சறுக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. அஷிமாவின் கணவர் பொறியியல் ஆய்வுக்குப் போனவர். படித்த ஆசியர்களுக்குக் கதவைத் திறந்த 1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின் காலத்துக் குடும்பம் அது. அந்த வர்க்கத்தின் ஏக்கம் உண்மையானது, அதில் பொய்யில்லை. அதையே எல்லா இடப்பெயர்வுக்கும் முகமாக நிறுத்தும்போதுதான் சிக்கல். பண்பாட்டுக் கோட்பாட்டாளர் ஹோமி பாபாவின் ‘தி லொகேஷன் ஆஃப் கல்ச்சர்’ (1994) கலப்பைக் காலனி அதிகாரத்தைக் குலைக்கும் ஆற்றலாக விளக்கியது. அதற்கு முன்பே, 1992இல், ‘இன் தியரி’ நூலில் மார்க்சிய விமர்சகர் அய்ஜாஸ் அகமது எச்சரித்திருந்தார்: வசதியுள்ள அறிவாளியின் அலைச்சலை மனிதகுலம் முழுவதின் நிலைமையாக உயர்த்திப் பேசுவது வர்க்கத்தை மறைத்துவிடும் என்பது அவர் வாதத்தின் சாரம். நாவல்களை வரிசையாக வாசித்தால் அவர் பக்கம் நியாயம் இருப்பது தெரிகிறது.

கிரண் தேசாயின் ‘தி இன்ஹெரிட்டன்ஸ் ஆஃப் லாஸ்’ (2006) இந்தக் குறையைப் பெருமளவு நேர்செய்கிறது. கேம்பிரிட்ஜில் படித்துத் திரும்பிய நீதிபதி ஜெமுபாய் முகத்துக்குப் பவுடர் பூசுகிறார். சப்பாத்தியைக் கத்தி, முள்கரண்டியால் சாப்பிடுகிறார். அந்தப் பவுடர் ஒற்றும் பஞ்சை எடுத்து ஒளித்துவைத்த இளம் மனைவியை வதைக்கிறார். இங்கே கலப்பு தன்வெறுப்பாகி, அதன் அடி வீட்டுப் பெண்ணின் மேல் விழுகிறது. இன்னொரு பக்கம், அவருடைய சமையற்காரரின் மகன் பிஜு உரிய ஆவணங்கள் இல்லாமல் நியூயார்க் உணவகங்களில் உழல்கிறான். இருவரும் கடல் தாண்டியவர்கள்தாம். ஒருவருக்குக் கிடைத்தது பதவி, மற்றவனுக்கு எச்சில் தட்டு. இரண்டையும் ஒரே நாவலில் வைத்ததுதான் தேசாயின் பலம். ஆனால் நேபாளிகள் தனி மாநிலம் கேட்ட 1986இன் கூர்க்காலாந்துப் போராட்டத்தைப் பின்னணியாக வைத்த இதே நாவலில் தங்களைச் சித்திரித்த விதம் இழிவாக இருக்கிறது என்று கதை நடக்கும் காலிம்போங்கின் நேபாளிகள் சிலர் எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பை ஒதுக்கிவிட முடியாது. போராட்டக்காரர்கள் பெரும்பாலும் நீதிபதியின் பங்களா ஜன்னல் வழியாகத்தான் தெரிகிறார்கள்.

மொழி சார்ந்த குறை இன்னொன்று. 1997இல் ருஷ்தியும் எலிசபெத் வெஸ்டும் விடுதலைக்குப் பிந்தைய ஐம்பதாண்டு இந்திய எழுத்தைத் தொகுத்தார்கள். மண்டோவின் ‘டோபா டேக் சிங்’ கதையைத் தவிர இந்திய மொழிகளிலிருந்து அதில் ஏறத்தாழ எதுவும் இல்லை. ஆங்கிலத்தில் எழுதப்பட்டதே வலுவானது என்று முன்னுரையும் சொன்னது. ஆனால் அடையாளக் கலப்பு ருஷ்திக்கு முன்பே இந்திய மொழிகளில் எழுதப்பட்டுவிட்டது. குர்ரதுல்ஐன் ஹைதர் ‘ஆக் கா தரியா’ நாவலை உருதுவில் எழுதியது 1959இல். தமிழில் ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ 1972இல் வெளிவந்தது. மெடானிலும் பினாங்கிலும் வட்டிக்கடை மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன்களோடு நடமாடும் அதன் பாண்டியன், மலாய்ச் சொல்லையும் சங்கப் பாட்டையும் ஒரே மூச்சில் பேசுகிறான். இரண்டாம் உலகப் போர் எல்லா வேர்களையும் பிடுங்கிப்போடுகிறது. அடையாளக் கலப்பை ஆங்கிலம்தான் நமக்குக் கண்டுபிடித்துத் தந்தது என்ற எண்ணத்தை இந்த ஒரு நாவலே தகர்த்துவிடும்.

என் கணிப்பில் இந்த மரபின் உச்சம் அமிதாவ் கோஷின் ‘சீ ஆஃப் பாப்பீஸ்’ (2008). பிரிட்டிஷ் பேரரசில் அடிமைமுறை ஒழிந்ததும், மொரிஷியஸின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகள் தேவைப்பட்டார்கள். முன்பு அடிமைகளை ஏற்றிய ஐபிஸ் கப்பல் இப்போது பீகாரிகளை ஏற்றுகிறது. அபினிப் பயிர் குடும்பத்தைத் தின்றுவிட, உடன்கட்டையிலிருந்து தப்பிய தீதி, தன்னைக் காப்பாற்றிய தலித் வண்டிக்காரன் கலுவாவோடு கப்பலேறுகிறாள். கப்பலில் எல்லாரும் உறவாகிறார்கள். ஆனால் தீதியின் புகுந்தவீட்டு உறவினனான சுபேதார் அதே கப்பலில் இருக்கிறான். அவளை அடையாளம் கண்டதும் கலுவாவின் முதுகில் சவுக்கு விழுகிறது. கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்பார்கள். சாதியும் கூடவே கப்பலேறியது என்கிறார் கோஷ். கப்பலோட்டிகளின் கலவை மொழியை அவர் அளவுக்கு மீறி அடுக்குவதால் சில பக்கங்களில் வாசகர் மூச்சுத் திணறுவது உண்டு. என்றாலும், யார் லாபத்துக்காக இவர்கள் கலக்க நேர்ந்தது என்ற கேள்வியை நாவல் ஓரிடத்திலும் கைவிடவில்லை.

கலப்பைக் காட்டுவதாலேயே ஒரு நாவல் முற்போக்காகிவிடாது. கலப்புக்கு யார் என்ன விலை கொடுத்தார் என்று காட்டும்போதுதான் அது இலக்கியமாகிறது. அடுத்த முறை இரண்டு உலகங்களுக்கு நடுவே தவிக்கும் நாயகரைச் சந்தித்தால், அவருடைய பயணச்சீட்டுக்குப் பணம் எங்கிருந்து வந்தது, அவர் சாப்பிட்ட தட்டைக் கழுவியவர் யார் என்று தேடிப்பாருங்கள். பதில் நாவலுக்குள் இருந்தால் நம்பி வாசிக்கலாம்.