தாழ்வும் தாழ்ச்சியும்

ஆகஸ்டு மாதக் கடைசியில் ஒரு நாள், எழும்பூரிலிருந்து தெற்கே போகும் ரயிலில் தேம்பாவணியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விழுப்புரத்தில் இறங்கி, பஸ் பிடித்து, விருத்தாசலத்துக்கு அருகே இருக்கிற கோணான்குப்பத்துக்குப் போவதாக உத்தேசம். வீரமாமுனிவர் எழுப்பிய கோயில் அங்கே இருக்கிறது. மாதாவுக்குப் பெரியநாயகி என்று தமிழ்ப் பெயர் சூட்டி, சேலை உடுத்திய தமிழ்ப் பெண்ணாகவே அவர் அங்கே வைத்தார் என்பது வழக்கு. ஒரு நூலைப் பற்றி எழுதுமுன், அதை எழுதியவன் நடமாடிய மண்ணை ஒரு தடவை மிதித்துவிட்டு வருவது எனக்குப் பழக்கம்.

திண்டிவனத்தில் வண்டி நின்றது. காவித் துணி கட்டிக்கொண்டு வெறுங்காலோடு வேளாங்கண்ணிக்கு நடந்து போகிற கூட்டம் ஒன்று வெளியே சாலையில் தெரிந்தது. எதிர் ஆசனத்தில் இருந்த வயதான அம்மாள் அவர்களைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். கையில் ஜெபமாலை. அப்புறம் என் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தாள்.

"என்னா பொஸ்தகம் தம்பி?"

"சூசையப்பர் சரித்திரம் அம்மா. பாட்டாக எழுதியிருக்கிறார்கள்."

"சூசையப்பரா! அவரு வாயே தொறக்காத மனுசராச்சே. அவரப் பத்தியா இம்மாம் பெரிய பொஸ்தகம்?"

என்னைத் தூக்கிவாரிப் போட்டது. தேம்பாவணியைப் பற்றிப் பண்டிதர்கள் எழுதியதை எல்லாம் ஓரளவு படித்திருக்கிறேன். காப்பியத்தின் அடிப்படையான சிக்கலை இவ்வளவு சுருக்கமாக எவரும் சொன்னதாக நினைவில்லை.

அந்த அம்மாள் சொன்னது வேதத்துக்குப் பொருத்தமான பேச்சுத்தான். நான்கு சுவிசேஷங்களிலும் தேடினால் சூசை பேசியதாக ஒரு வார்த்தைகூடக் கிடையாது. சொப்பனம் காண்கிறார், எழுந்து, சொன்னபடி செய்கிறார். தச்சு வேலை செய்கிறார். பிறகு கதையிலிருந்து காணாமலே போய்விடுகிறார். இந்த மனிதரை நாயகனாக்கி, வளன் என்று பெயர் வைத்து, மூன்று காண்டம், 36 படலம், 3,615 பாட்டு என்று ஒரு பெருங்காப்பியத்தைத் தமிழில் எழுதத் துணிந்தார் ஓர் இத்தாலியர். 1680-ல் பிறந்து, முப்பது வயதுக்கு மேல் தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்து, அதன் பிறகு தமிழ் படித்தவர். துணிச்சலைப் பற்றிச் சந்தேகமில்லை. காரியம் எவ்வளவு தூரம் கைகூடியது என்பதுதான் கேள்வி.

இது எனக்கு வெறும் ஆராய்ச்சிக் கேள்வி அல்ல. பல வருஷங்களுக்கு முன்னால் நான் எழுதிய ஒரு நாவலில் பொறுமையே உருவான ஒரு மனிதரை நடுநாயகமாக வைத்தேன். யார் வைதாலும் சிரிப்பார். யார் பறித்தாலும் கொடுப்பார். கைப்பிரதியைப் படித்த நண்பர், "உங்கள் கதாநாயகர் நல்ல மரப்பாச்சி. கொலுவில் வைக்கலாம்" என்றார். அந்த நாவல் அச்சேறவில்லை. கோபக்காரனை எழுதுவது சுலபம்; அவனே கதையை இழுத்துக்கொண்டு ஓடுவான். பொறுமைசாலியை எழுதப் புகுந்தால் பேனா நின்றுவிடுகிறது. இந்தக் கஷ்டத்தை வீரமாமுனிவர் எப்படிச் சமாளித்தார் என்று பார்க்கும் ஆசையில்தான் நான் தேம்பாவணிக்குத் திரும்பத் திரும்பப் போவது.

பெரும்பாலான இடங்களில் அவர் சமாளித்த விதம், அலங்காரம். நாட்டுப் படலம், நகரப் படலம் என்று சிந்தாமணியும் கம்பனும் போட்ட பாதையில் யூதேயா தேசம் தமிழ் மருதமாகச் செழிக்கிறது. வானவர்கள் வருகிறார்கள், பூ சொரிகிறார்கள். நாயகன் பேசாத குறையைப் பழைய ஏற்பாட்டுக் கதைகள் நிரப்புகின்றன. தாவீது கோலியாத்தை வீழ்த்துவது போன்ற வீரக் கதைகள் நடுநடுவே புகுந்து, வளனால் முடியாத போரையெல்லாம் நடத்திக் கொடுக்கின்றன. வாடாத மாலை என்றும், தேன் போன்ற பாவால் ஆன அணி என்றும் இரண்டு விதமாகப் பொருள்படும் பெயருக்கு ஏற்ற தேன் இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் தாழ்ச்சியை இவ்வளவு நகை பூட்டிக் காட்டும்போது எனக்கு நகைதான் தெரிகிறது, தாழ்ச்சி தெரியவில்லை. தச்சனின் கையில் காய்ப்பு ஏறியிருந்ததா என்று தேடினால் பாட்டின் பிரகாசம் கண்ணைக் கூசுகிறது.

கம்பனைப் படித்துத் தேர்ந்தவர் கம்பனிடமிருந்தே இன்னொரு பாடமும் எடுத்துக்கொண்டிருக்கலாம். அடக்கத்துக்கு ஒரு பாத்திரம் என்றால் தமிழில் பரதன்தான். கையில் வந்த ராஜ்யத்தைத் தள்ளி, பாதுகையை வைத்து, நந்திக்கிராமத்தில் தவமிருக்கிறவன். அவனை நாம் ஏன் நம்புகிறோம்? அவன் தாயிடம் கொதித்த கொதிப்பைக் கம்பன் முதலில் காட்டிவிட்டான். பெற்றவளைக் கொன்றுவிடக்கூடிய கோபம் அவனுக்குள் இருக்கிறது என்பது நமக்குத் தெரியும். அந்தக் கோபத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அடக்கம் என்பதனால்தான் அந்த அடக்கத்துக்கு எடை வருகிறது. அடக்குவதற்கு ஒன்றுமில்லாதவனை அடக்கமானவன் என்று எப்படிச் சொல்வது?

வீரமாமுனிவருக்கு இது தெரியாமல் இல்லை. தேம்பாவணியில் என்னை உண்மையாகவே பிடித்து நிறுத்துகிற இடங்கள், அவர் இதை உணர்ந்து எழுதிய இடங்கள்தாம். ஐயம் தோற்று படலம் என்று ஒன்று உண்டு. மனைவி கருவுற்றிருப்பதை வளன் காண்கிறான். தன்னால் அல்ல என்பது அவனுக்குத் தெரியும். அவளுடைய தூய்மையையும் அறிவான். கண் ஒன்று சொல்கிறது, மனம் ஒன்று சொல்கிறது. ஊரைக் கூட்டவில்லை, அவளை ஒரு கேள்வி கேட்கவில்லை, ஒருவருக்கும் தெரியாமல் விலகிவிட எண்ணுகிறான். சுவிசேஷத்தில் இரண்டொரு வரியில் முடிந்து போகிற சம்பவம் இது. இங்கே ஒரு மனிதன் உள்ளுக்குள் வேகிறது முழுவதும் தெரிகிறது. இந்தப் படலத்தில் அவன் வாய் திறக்காதது காப்பியத்துக்குக் குறையாக இல்லை, அதுவே நாடகமாகிவிடுகிறது. அடுத்த படலத்தில் ஐயம் நீங்கிவிடுகிறது. நீங்கிய வேகம் எனக்குச் சற்று அதிகம். இருந்தாலும் அந்த ஒரு படலத்தில் வளன் மரப்பாச்சி அல்ல.

இன்னொரு விஷயம். வளன் காட்டுக்குப் போய்த் தவம் செய்கிற முனிவன் அல்ல. வீட்டில் இருந்தபடியே துறவு காக்கிறவன். ஈரறம் பொருத்து படலம் என்ற தலைப்பே இதைத்தான் சொல்கிறது. இங்கே வீரமாமுனிவர் திருக்குறளின் நல்ல மாணாக்கர். அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் பெயர்த்தவர் அல்லவா? அடக்கமுடைமையையும் பொறையுடைமையையும் வள்ளுவர் துறவறவியலில் வைக்கவில்லை; 13-வது, 16-வது அதிகாரங்களாக இல்லறவியலில் வைத்திருக்கிறார். குகையில் தனியே இருப்பவன் யாரைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்? மாமியாரும் மருமகளும் அண்டை வீட்டுக்காரனும் கடன்காரனும் இருக்கிற இடத்தில்தான் பொறுமைக்கு வேலை. கிறிஸ்தவ பக்தி தமிழில் பேசத் தொடங்கியபோது அதற்கு வேண்டிய சொற்கள் ஏற்கனவே இங்கே விளைந்து நின்றன.

ஆனால் ஓர் ஆச்சரியம். பரமார்த்த குருவையும் அவருடைய ஐந்து சீடர்களையும் எழுதியதும் இதே கை. ஆற்றைக் கடந்தபின் தன்னை விட்டுவிட்டுத் தலையெண்ணுகிறவர்கள், பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று வாங்குகிறவர்கள் — மனித அசட்டுத்தனத்தை இவ்வளவு பிரியத்தோடு பார்த்தவர், தம் நாயகனுக்கு மாத்திரம் ஒரு சின்ன அசட்டுத்தனத்தைக்கூட அனுமதிக்கவில்லை. பக்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டது. அனுமதித்திருந்தால் வளன் இன்னும் கொஞ்சம் நம் தெருவுக்கு வந்திருப்பான்.

இதைவிட ஆழமான ஒரு சங்கடமும் உண்டு. வளன் தாவீதின் குலத்தில் வந்தவன், ராஜ வம்சம். அவன் உளி பிடிப்பது இறங்கி வந்து பிடிப்பது. தமிழ்க் கத்தோலிக்கர்கள் இந்தக் குணத்துக்கு வழங்கும் சொல் தாழ்ச்சி. தாழ்வு வேறு, தாழ்ச்சி வேறு. தாழ்வு என்பது பிறர் நம்மைப் பிடித்து வைக்கிற இடம். தாழ்ச்சி நாமாக இறங்குகிற படி. உயரத்தில் இருப்பவனுக்குத் தாழ்ச்சியைப் போதித்தால் அது பக்தி. கீழே பிடித்து வைக்கப்பட்டவனுக்கு அதையே போதித்தால் அது பூட்டு.

இதை வெறும் சொல் நயமாகச் சொல்லவில்லை. விழுப்புரத்திலிருந்து நான் போக வேண்டிய வழியில், உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம் எறையூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. பழமையான கத்தோலிக்க ஊர். இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டம். அப்போது விழுப்புரம் மாவட்டம். 2008 மார்ச்சில் அங்கே தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்டார்கள். கோயிலிலும் இறுதி ஊர்வலம் போகிற பாதையிலும் தாங்கள் ஒதுக்கப்படுவதை இனிப் பொறுக்க முடியாது என்றார்கள். அது கலவரத்தில் முடிந்து, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர் போயிற்று. இரு தரப்பாரும் ஒரே சிலுவையைக் கும்பிடுகிறவர்கள். அன்று "இனிப் பொறுக்க முடியாது" என்று கேட்டவர்கள் பொறுமை என்ற புண்ணியத்தை இழந்துவிட்டார்கள் என்று எவராவது சொன்னால், அவருக்குப் பொறுமையின் பொருள் தெரியாது என்பேன். தாழ்ச்சி பழக வேண்டியவர்கள் அங்கே பாதையை மறித்துக்கொண்டு நின்றவர்கள்.

அப்படியானால் தாழ்ச்சி என்பது உண்மையில் எப்படி இருக்கும்? நான் சற்று முன் தாண்டி வந்த திண்டிவனத்திலேயே அதற்கு ஒரு சரித்திரம் கிடைக்கிறது. 1890-ல் ஐடா ஸ்கட்டர் என்ற இருபது வயதுப் பெண், அமெரிக்காவில் படிப்பை முடித்துவிட்டு, தாய்க்கு உடம்பு சரியில்லை என்பதற்காக அந்த ஊருக்கு வந்திருந்தாள். தகப்பனார் மிஷன் டாக்டர். இந்தியாவில் தங்கும் எண்ணமே அவளுக்குக் கிடையாது. ஒரு நாள் இரவு மூன்று பேர், ஒருவர் பின் ஒருவராக, கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவர் வேறு சாதி ஹிந்து. மூவர் மனைவிக்கும் பிரசவ வேதனை. ஆண் டாக்டரை உள்ளே விட முடியாது. நீங்கள் வாருங்கள் என்றார்கள். தனக்கு வைத்தியம் தெரியாது என்று அவள் சொல்ல, மூவரும் திரும்பிப் போனார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். காலையில் பறைச் சத்தம் கேட்டது.

இதற்கு அப்புறம் நடந்ததுதான் எனக்கு முக்கியம். அந்தக் காலையில் அழுதுவிட்டுப் பிரார்த்தனை செய்ததோடு அவள் நிற்கவில்லை. திரும்பிப் போய் வைத்தியக் கல்லூரியில் சேர்ந்தாள். 1899-ல் பட்டம் வாங்கி, 1900-ல் வேலூரில் சின்னதாக வைத்தியத்தைத் தொடங்கினாள். 1902-ல் ஆஸ்பத்திரி, 1918-ல் பெண்களுக்கு வைத்தியப் பள்ளி. 1960-ல் கண்மூடும்போது அது பெரிய மருத்துவக் கல்லூரியாக வளர்ந்திருந்தது. முதல் வெற்றி எதன் மேல்? இந்த ஊரை விட்டுப் போய்ச் சௌக்கியமாக வாழ வேண்டும் என்ற தன் சொந்த ஆசையின் மேல். வானவர் பூ சொரியவில்லை; சொரிந்திருந்தாலும் உடற்கூறு பாடத்தைப் படித்துக்கொண்டிருந்தவள் கவனித்திருக்க மாட்டாள். தேம்பாவணியில் நான் தேடிய படலம் இதுதான். அந்தக் காப்பியத்தில் அலங்காரம் மூடிவிட்ட காய்ப்பேறிய கையை இங்கே பார்க்கிறேன்.

இப்படிச் சொல்வதால் காப்பியத்தைக் குறைக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். மூன்றாம் காண்டத்தின் கடைசிப் பகுதியை ஒருமுறை படியுங்கள். வளன் நோயில் விழுகிறான். உழைத்த உடம்பு ஓய்ந்துபோய், மனைவியும் மகனும் அருகே இருக்க உயிர் விடுகிறான். அதற்குப் பின் வருகிற முடிசூட்டு படலம் பிரமாதம்தான். ஆனால் எனக்கு அந்தப் படுக்கையே போதும். ஐயம் தோற்று படலமும் இந்த மரணமும் ஆக, இவ்வளவு பெரிய மாலையில் வாடாமல் நிற்பவை இரண்டு மூன்று பூக்கள். எந்தக் காப்பியத்துக்கும் அது சின்ன சாதனை அல்ல. தாய்மொழியாக அல்லாத ஒரு மொழியில், ஆசிரியர்களுக்கு முன்னால் மாணவனாக உட்கார்ந்து, அந்த மொழிக்கு அகராதியும் இலக்கணமும் எழுதும் அளவுக்கு உழைத்தவருடைய பொறுமை, அவர் நாயகனுடைய பொறுமையைவிட ஒரு படி மேல் என்றுகூடச் சொல்லத் தோன்றுகிறது.

விக்கிரவாண்டி தாண்டும்போது அந்த அம்மாள் மூட்டையைக் கட்டத் தொடங்கினாள். மகன் வீட்டுக்குப் போகிறாளாம், மருமகளோடு ஒத்துப்போகாதாம். "பொறுமையா இரும்மான்னு சாமியாரு சொல்றாரு. சொல்றதுக்கு என்னா? பொறுத்துப் பாத்தாத்தான் தம்பி தெரியும், உள்ள எப்பிடிக் கொதிக்குதுன்னு" என்றாள். பிறகு, நான் மடியில் வைத்திருந்த புத்தகத்தைக் காட்டி, "அவருக்கும் கொதிச்சிருக்கும். எழுதியிருக்காங்களா அதுல?" என்று கேட்டாள்.

"ஓர் இடத்தில் எழுதியிருக்கிறது அம்மா" என்றேன்.

"அப்ப நல்ல பொஸ்தகந்தான்" என்று சொல்லிவிட்டு, விழுப்புரத்தில் இறங்கிக் கூட்டத்தோடு போய்விட்டாள். கோணான்குப்பம் பஸ்ஸைத் தேடிக்கொண்டு நானும் இறங்கினேன். அந்தப் பழைய கைப்பிரதியை வீட்டுக்குப் போய் மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. என் பொறுமைசாலிக்கு உள்ளே என்ன கொதித்தது என்று நான் அவரைக் கேட்கவே இல்லை.